ராமநாதபுரம் கடற்கரையில் சூப்பர்சார்ஜர் வண்டி: சூடு, உப்பு, இன்ஜின் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனியில் இருந்து சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாமல் வந்த பெட்ரோல் காரில், பிறகு கிட் வாங்கி மாட்டியவர்களுக்கும் மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். தொண்டியில் இருந்து சாயல்குடி வரை கடலோரச் சாலையிலும் ராமேஸ்வரம் தீவிலும் ஓடும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. கிட்டோடு வரும் கையேடு பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. அதில் உள்ள எண்களை அப்படியே இங்கே வைத்தால் இன்ஜின் தாங்காது.

சூப்பர்சார்ஜர் போட்டால் இன்ஜின் ஏன் கூடுதலாகச் சூடாகிறது?

இரண்டு வழியில். ஒன்று, அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதனால் அதிக எரிப்பு. இந்தச் சூட்டை ரேடியேட்டரும் ஆயிலும் சுமக்கின்றன. இரண்டாவது, காற்றை அமுக்கும்போதே அது சுடுகிறது. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அதன் அடிப்பாகம் சுடுவதும் இதே காரணத்தால்தான்.

எவ்வளவு சுடும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். வெளிக்காற்று 35 டிகிரி செல்சியஸ், பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) 0.5 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 விழுக்காடு திறனுள்ள பழைய ரூட்ஸ் வகையில் (இரண்டு ரோட்டர்கள் காற்றைத் தள்ளும் வகை) வெளியே வரும் காற்று 104 டிகிரி இருக்கும். 70 விழுக்காடு திறனுள்ள ட்வின் ஸ்க்ரூ அல்லது புதிய நான்கு இதழ் ரோட்டர் வகையில் 90 டிகிரிக்குப் பக்கம். நல்ல சென்ட்ரிஃபியூகல் வகையில் (விசிறிச் சக்கரம் காற்றை வீசும் வகை) 85. இதெல்லாம், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னால்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். ஃபில்டர் பானட்டுக்குள் இருந்து 50 டிகிரிக் காற்றை இழுத்தால், ரூட்ஸ் வகையில் வெளியே 122 டிகிரி வரும். உள்ளே போனது 15 டிகிரி கூடுதல், வெளியே வந்தது 18 டிகிரி கூடுதல். ஆகவே பெரிய இன்டர்கூலருக்குச் செலவு செய்யும் முன், ஃபில்டருக்கு வெளிக்காற்று வரும்படி ஒரு மூடிய பெட்டியும் குழாயும் அமையுங்கள். எல்லாவற்றிலும் மலிவான வேலை இது, பலன் உடனே தெரியும்.

டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. அப்படியானால் இன்ஜின் பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. டேஷ்போர்டு முள் கூலன்ட்டின் சூட்டை மட்டும் காட்டுகிறது. அதிலும் பெரும்பாலான கார்களில் 80 டிகிரி முதல் 100 டிகிரி தாண்டும் வரை முள் அசையாமல் நிற்கும்படியே அமைத்திருப்பார்கள். சூப்பர்சார்ஜர் வண்டியில் பிஸ்டனை உடைப்பது பெரும்பாலும் கூலன்ட் சூடு அல்ல, உள்ளே போகும் காற்றின் சூடு.

காற்று அளவுக்கு மீறிச் சுட்டால், ஸ்பார்க் பற்ற வைத்த தீ பரவி முடிக்கும் முன்பே, மூலையில் மீந்திருக்கும் கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். மெதுவாகப் போகும்போது 'கிணிகிணி' என்று காதில் விழும். பூஸ்ட்டில் 5,000 ஆர்.பி.எம்.மில் போகும்போது சூப்பர்சார்ஜர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முதலில் உடைவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய விளிம்பு. பிறகு கம்ப்ரெஷன் குறையும், கிராங்க் கேஸில் புகை ஏறும், ஆயில் குறையும். அதுவரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும்.

அதனால் நான்கு மீட்டர்கள் கட்டாயம்: இன்டர்கூலருக்குப் பிறகான காற்றுச் சூடு, வைட்பேண்ட் ஏர் ஃப்யூல் மீட்டர் (காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டுவது), பூஸ்ட், ஆயில் சூடு. காற்றுச் சூட்டு சென்சாரை மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) உலோகத்தில் புதைத்து மாட்டாதீர்கள். மாட்டினால் காற்றின் சூட்டுக்குப் பதில் உலோகத்தின் சூட்டைத்தான் காட்டும். முனை காற்றோட்டத்தின் நடுவில், திறந்த வகையாக இருக்க வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு நாங்கள் வைக்கும் எல்லை: சென்சார் 55 டிகிரிக்குள் காட்டினால் முழு பூஸ்ட் போகலாம். 50ஐத் தாண்டியதுமே ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டைமிங்கை, அதாவது ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக அடிக்கிறது என்பதை, குறைக்கத் தொடங்க வேண்டும். 75ஐத் தாண்டினால் பூஸ்ட்டே வரக்கூடாது.

ஸ்டாக் (கம்பெனியில் இருந்து வந்தபடியே உள்ள) இன்ஜினில் எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்?

முதலில் கம்ப்ரெஷன் ரேஷியோவை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பதை) பாருங்கள். 9.5 அல்லது 10 இருந்தால் இன்டர்கூலரோடு 0.4 முதல் 0.45 பார் வரை இங்கே நிதானமாக ஓட்டலாம். 11 என்றால் 0.3 பாரில் நின்றுகொள்ளுங்கள். சுசுகியின் கே12என் போல 12 ரேஷியோ உள்ள இன்ஜினில் பூஸ்ட் போடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த இன்ஜின் மைலேஜுக்காகக் கட்டப்பட்டது.

0.5 பாருக்கு மேல் போக வேண்டுமானால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேண்டும், ரிங் இடைவெளியையும் கூட்ட வேண்டும். போர் (சிலிண்டரின் விட்டம்) 75 மி.மீ. என்றால் மேல் ரிங்குக்கு 0.38 முதல் 0.45 மி.மீ. வரை. ஸ்டாக் இடைவெளியோடு விட்டால் சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், சிலிண்டர் சுவர் கீறும்.

சின்ன புல்லி போட்டுப் பூஸ்ட்டை ஏற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. சூப்பர்சார்ஜர் அதன் திறன் எல்லையைத் தாண்டிச் சுற்றினால் காற்றின் அளவு கொஞ்சமும் சூடு நிறையவும் கூடும். மீட்டரில் பூஸ்ட் ஏறியிருக்கும். வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கும்.

இன்டர்கூலரில் காற்று வகை நல்லதா, தண்ணீர் வகை நல்லதா?

சென்ட்ரிஃபியூகல் கிட் என்றால் காற்று வகை. முன் பம்பருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு குழாய்கள், நான்கு சிலிக்கான் ஹோஸ். பழுதாகப் பம்ப் கிடையாது, வயர் கிடையாது. ரூட்ஸ் அல்லது ஸ்க்ரூ வகை மேனிஃபோல்டு மேலேயே உட்கார்ந்திருந்தால் தண்ணீர் வகைதான் சாத்தியம்.

தண்ணீர் வகையில் மேனிஃபோல்டுக்குள் ஒரு கோர், முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், ஒரு ரிசர்வாயர், ஒரு மின்பம்ப் இருக்கும். இன்ஜின் கூலன்ட்டோடு இது சேரக்கூடாது. அது 90 டிகிரியில் ஓடுகிறது, இது வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பழுதாவது எப்போதும் மூன்று இடங்களில்தான்.

முதலாவது பம்ப். அது நின்றுவிட்டால் எந்த விளக்கும் எரியாது, காற்றுச் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒரு முறை இக்னிஷனை ஆன் செய்து, ரிசர்வாயர் மூடியைத் திறந்து, திரும்பி வரும் குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கொப்பளித்து வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இரண்டாவது இந்தக் காற்றுப்பைதான். ரிசர்வாயர் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும், வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவைத்துக் காற்றை எடுக்க வேண்டும். மூன்றாவது, பம்ப்பின் வயர் கனெக்டர். உப்புக்காற்றில் பச்சை பூத்து வோல்டேஜ் குறையும். பம்ப்புக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ் கொடுத்து, கனெக்டரில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். இன்ஜின் ஓடும்போது பம்ப் முனையில் 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் வயரிங்கைப் பாருங்கள்.

மண்டபம், ராமேஸ்வரத்தில் ஐஸ் எளிதாகக் கிடைக்கிறது. ரிசர்வாயரில் ஐஸ் போட்டால் என்ன?

சில நிமிடம் நன்றாக இருக்கும். டிராக் பந்தயத்தில் செய்வதும் உண்டு. ஆனால் அன்றாட வண்டிக்கு வேண்டாம். மீனுக்கு வைக்கும் ஐஸ் சுத்திகரித்த தண்ணீரில் செய்ததல்ல. உருகினால் அதில் உள்ள உப்பெல்லாம் அலுமினியக் கோரில் தங்கி, குத்துக்குத்தாக அரிக்கும். கோரில் பொத்தல் விழுந்தால் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும்?

போர்வெல் தண்ணீரைக் கையால் தொடாதீர்கள். இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்க நல்லது, ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் அல்லது டிமினரலைஸ்டு வாட்டர் மட்டும்.

இங்கே தண்ணீர் உறையும் குளிர் கிடையாது. அதனால் பாதிக்குப் பாதி கலவை தேவையில்லை. கூலன்ட்டில் உள்ள கிளைகோலைவிடத் தண்ணீர் சூட்டை நன்றாகச் சுமக்கும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். 6 லிட்டர் சிஸ்டம் என்றால் 2 லிட்டரும் 4 லிட்டரும். அதற்குக் கீழே குறைத்தால் அரிப்புத் தடுப்பான் போதாமல் போகும். டப்பாவில் குறைந்தபட்ச அளவு இதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். பழைய பச்சைக் கூலன்ட்டையும் புதிய ஓஏடி (கரிம அமில) வகையையும் கலக்காதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பார்ப்பதில்லை. 1.1 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 121 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் இறுகிப்போய் 0.3 பார்தான் பிடிக்கிறது என்றால் 107 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடே ஆகாது" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

கூடாது. தெர்மோஸ்டாட் (சூடு வரும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். அதுவரை ஈசியு 'இன்ஜின் இன்னும் குளிர்' என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும், அப்போது முழு லோடில் சூடு முன்பைவிட ஏறும். 88 அல்லது 90 டிகிரித் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் 82 டிகிரி ஒன்றை மாட்டுங்கள். ஃபேன் தொடங்கும் சூட்டையும் ஈசியுவில் அதற்கேற்ப 90 டிகிரிக்குப் பக்கம் கொண்டுவாருங்கள்.

சாயல்குடியில் இருந்து ராமநாதபுரம் வரும்போது மட்டும் வண்டி சூடேறுகிறது. போகும்போது ஏறுவதில்லை. ஏன்?

காற்று. தென்மேற்குப் பருவக் காலத்தில், மே கடைசி முதல் செப்டம்பர் வரை, காற்று உங்கள் முதுகில் அடிக்கிறது. வண்டி 70 கி.மீ. வேகத்தில் போய், பின்காற்று 35 கி.மீ. வீசினால், ரேடியேட்டருக்கு 35 கி.மீ. காற்றுதான் கிடைக்கும். ஏசி கன்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று மூன்று அடுக்கு வரிசையாக இருந்தால் கடைசியில் இருக்கும் ரேடியேட்டருக்கு மிஞ்சுவது அதிலும் கொஞ்சம். ராமநாதபுரத்தில் இருந்து தேவிபட்டினம், தொண்டி போகும் பாதையிலும் இதே கதை. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறிவிடும்.

மாற்று வழி பெரிய ரேடியேட்டர் அல்ல, காற்றை ஒழுகவிடாமல் அடைப்பது. கிரில்லில் நுழைந்த காற்று பக்கவாட்டில் தப்பித்துவிடும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளை அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து மூடுங்கள். ஃபேனுக்கு முழு ஷ்ரவுட் (ஃபேனில் இருந்து ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூடு) இருக்க வேண்டும். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேர் எதிரே உள்ள பகுதியை மட்டுமே குளிர்விக்கும். மூன்று அடுக்குக்கும் நடுவில் சீமைக் கருவேல இலைத் துகளும் பூச்சியும் சேர்ந்து பாய்போல் படிந்திருக்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது, மேல் பிராக்கெட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

டியூனிங்கில் சூட்டுக்காக என்ன மாற்ற வேண்டும்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான். மற்றதெல்லாம் சூட்டைக் குறைக்கும், குறையாத சூட்டில் இருந்து இன்ஜினைக் காப்பது மேப் (ஈசியுவில் பெட்ரோல், டைமிங் அளவுகளை எழுதிய அட்டவணை) மட்டுமே.

மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் ஸ்டாக் சென்சார் (இதன் பெயரும் மேப்தான், மேலே சொன்ன மேப் வேறு) சுமார் 1 பார் வரைதான் அளக்கும். பூஸ்ட் போட்டால் 2 அல்லது 2.5 பார் சென்சார் வேண்டும். இன்ஜெக்டரைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நான்கு சிலிண்டர், 160 குதிரைசக்தி, டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) 85 விழுக்காடு என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 300 மி.லி. தர வேண்டும். ஸ்டாக் இன்ஜெக்டரில் பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றிச் சமாளிப்பது தற்காலிக வேலை.

பெட்ரோலின் விஷயம் இப்போது மாறிவிட்டது. பங்கில் வருவது இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். வெளிநாட்டுக் கிட்டோடு வரும் மேப் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதியது என்றால், சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் பல ஈசியுக்கள் அந்தச் சென்சாரைப் பார்ப்பதில்லை. அங்கே லாம்டா (கலவையின் அளவு: சரியான கலவை 1, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்) 0.80 என்று எழுதிய மேப் 0.86 பக்கம் ஓடும். பூஸ்ட்டில் அது ஆபத்தான அளவு லீன் (பெட்ரோல் குறைவு). இ20க்கு ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மீட்டரை லாம்டாவில் வைத்துப் பாருங்கள், 0.78 முதல் 0.82 வரை இருக்கட்டும். 14.7, 11.8 என்ற காற்று-பெட்ரோல் விகித எண்களில் பார்த்தால் எத்தனால் கணக்கில் குழப்பம் வரும். இ20ல் ஒரு நன்மையும் உண்டு: எத்தனால் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும், நாக்கிங்கையும் தள்ளிப்போடும். மேப் அதற்கேற்ப எழுதியிருந்தால் இங்கே அது நமக்கு உதவியே.

டைமிங்குக்கு ஒரு தொடக்கக் கணக்கு: ஒவ்வொரு 0.07 பார் பூஸ்ட்டுக்கும் ஒரு டிகிரி குறைப்பு. 0.42 பார் என்றால் 6 டிகிரி. அதற்கு மேல், காற்றுச் சூடு 50 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 5 டிகிரிக்கும் இன்னொரு டிகிரி குறைய வேண்டும். 85 டிகிரி வரை அந்த அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். பல மேப்களில் 60க்குப் பிறகு எல்லாக் கட்டமும் ஒரே எண்ணாக இருக்கும்.

கோவையில் டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடை) டியூன் செய்துவந்த வண்டிகளில் ஒரு தனிக் குறை வரும். கோவை கடல்மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதைவிட 4, 5 விழுக்காடு குறைவு. கடற்கரைக்கு வந்ததும் மேனிஃபோல்டு அழுத்தம், அங்கே டியூனர் ஒருமுறைகூடத் தொடாத மேல் கட்டங்களுக்குப் போகும். அந்தக் கட்டங்களில் இருப்பது ஊகித்து நிரப்பிய எண்கள். டியூனரிடம் முன்கூட்டியே சொல்லி, 0.1 பார் மேல் வரைக்கும் பெட்ரோலைக் கூட்டியும் டைமிங்கைக் குறைத்தும் வாங்கிவாருங்கள். டிசம்பரில் டியூன் செய்தது மே மாதக் கத்திரி வெயிலுக்குப் பொருந்தாது என்பதும் இதோடு சேர்ந்ததே.

ஈரக்காற்று இன்ஜினுக்குக் கெடுதலா?

பவர் கொஞ்சம் குறையும். 32 டிகிரியும் 80 விழுக்காடு ஈரமும் இருந்தால் இழுக்கும் காற்றில் கிட்டத்தட்ட 4 விழுக்காடு நீராவி, அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. ஆனால் நீராவி நாக்கிங்கைத் தணிக்கும். பரமக்குடிப் பக்கத்து வறண்ட வெயிலில்தான் நாக்கிங் ஆபத்து அதிகம்.

ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டுமா?

ஆம், ஒரு படி குளிர்ந்த வகை. என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ச்சி: என்ஜிகேயில் 6 இருந்தால் 7, டென்சோவில் 20 இருந்தால் 22. பாஷில் நேர் எதிர், எண் கூடினால் சூடு. கடையில் கேட்டு வாங்கும்போது இங்கேதான் தவறு நடக்கிறது. இடைவெளி 1.1 மி.மீ.யில் இருந்து 0.7க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் பூஸ்ட்டில் ஸ்பார்க் அணைந்து வண்டி திக்கும்.

ஆயில் விஷயத்தில் என்ன கவனம்?

ஃபுல்லி சிந்தெட்டிக், கம்பெனி அனுமதித்த கிரேடுகளில் தடிப்பானது. பெரும்பாலும் 5டபிள்யூ-40. மாற்றுவது 5,000 கி.மீ.க்கு ஒரு முறை. ஆயில் சூடு 100 முதல் 115 வரை இயல்பு. 130ஐத் தொட்டால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஆயில் கூலர் போட்டால் தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டோடு போடுங்கள், 80 டிகிரிக்குக் கீழேயே ஓடும் ஆயிலில் ஈரம் தங்கி மோர்போல் வெளுக்கும்.

சூப்பர்சார்ஜர் ஆயில் வேறு. ஈட்டன் வகைகளில் கியர் கேஸுக்குள் கொஞ்சம் ஆயில் தனியாக அடைத்திருக்கும். ரோட்ரெக்ஸ் வகையில் தனி டாங்க்கும் தனிக் கூலரும் உண்டு. அது கியருக்குப் பதில் உருளைகளின் பிடிப்பில் சுழல்வதால், அவர்கள் தரும் டிராக்ஷன் ஆயிலைத் தவிர எதை ஊற்றினாலும் வழுக்கித் தேய்ந்துபோகும்.

கிராங்க் கேஸ் ஆவியைக் கேட்ச் கேன் (ஆவியில் உள்ள ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) வழியாக விடுங்கள். ஆயில் ஆவி காற்றோடு சேர்ந்து எரியும்போது பெட்ரோலின் ஆக்டேன் குறைந்த மாதிரி ஆகிவிடும். அந்த ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் பிசிவி வால்வு பூஸ்ட்டில் மூடுகிறதா என்றும் பாருங்கள். மூடாவிட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும்.

தண்ணீர், மெத்தனால் இன்ஜெக்ஷன் போடலாமா?

மெத்தனால் வேண்டாம். அது நஞ்சு. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே தெளித்தாலும் சூடு நன்றாகத் தணியும். அளவு, பெட்ரோல் பாய்ச்சலில் 10 முதல் 15 விழுக்காடு. ஆனால் அதை நம்பி டைமிங்கைக் கூட்டாதீர்கள். நாசில் அடைத்துக்கொண்ட அந்த நொடியில் பிஸ்டன் போய்விடும். பாய்ச்சல் சென்சார் வைத்து, தண்ணீர் நின்றால் பூஸ்ட் விழும்படி ஈசியுவில் கட்டுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத் துணி சுற்றுகிறார்களே?

உள்நாட்டு ஊர்களில் சரி. கடற்கரையில் அந்தத் துணி உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக் குழாயைச் சுற்றிலும் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் குழாயிலும் வெல்டு ஓரம் விரிசல் விடும். செராமிக் கோட்டிங்கும், 10 மி.மீ. இடைவெளி விட்ட அலுமினியத் தகடு ஷீல்டும் போடுங்கள்.

தனுஷ்கோடி போய்வந்தால் என்ன செய்ய வேண்டும்?

அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்தியதும் சூடு ஆற என்று பானட்டைத் திறந்துவைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அங்கே இரண்டு பக்கமும் கடல், காற்று ஓயாது. திறந்த பானட்டுக்குள் உப்புத் துளியும் நுண்மணலும் நேராக பெல்ட்டிலும் கனெக்டரிலும் போய் விழும். சுடு உலோகத்தில் விழுந்த துளி காய்ந்து, அலுமினியத்தின் மேல் வெள்ளைப் புள்ளியாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பானட்டை மூடியே வையுங்கள், முன்பக்கம் காற்றுக்கு முதுகு காட்டும்படி நிறுத்துங்கள். திரும்பக் கிளம்பும்போது காற்றுச் சூடு 65, 70 காட்டும். மூன்று கி.மீ. மெதுவாக ஓட்டினால் இறங்கிவிடும், அதுவரை பூஸ்ட் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு, அன்றைக்கே, இன்டர்கூலரையும் கன்டென்சரையும் ரேடியேட்டரையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சாதாரண ஹோஸ் போதும், 30 லிட்டர் பிடிக்கும். பின்னால் இருந்து முன்னால் தள்ளிக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடித்தால் ஃபின் மடங்கி வழி அடைபடும். பேட்டரியில் இருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். எர்த் கெட்டால் சென்சார்கள் பொய் சொல்லும், ஈசியு அந்தப் பொய்யை நம்பி டைமிங் கொடுக்கும். மணலுக்குப் பஞ்சு ஃபில்டரைவிட பேப்பர் ஃபில்டர்தான் எங்கள் தேர்வு. ரோட்டருக்கும் கேஸுக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி, நுண்மணல் அதைக் கீறினால் கசிவு கூடி, சூடும் கூடும்.

மேலே போகப் போகப் பூஸ்ட் குறைகிறது. என்ன பழுது?

5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் மட்டும் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருக்கும். டென்ஷனர், ஐட்லர் பேரிங் உப்பில் இறுகியிருக்கலாம், கையால் சுற்றிப் பாருங்கள். எல்லா வேகத்திலும் குறைந்தால் பைபாஸ் வால்வு (பூஸ்ட் வேண்டாதபோது காற்றைத் திருப்பிவிடுவது) மூடவில்லை அல்லது ஹோஸ் கசிகிறது. பைபாஸ் திறக்காமலே மாட்டிக்கொண்டாலும் தொல்லைதான். ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் போகும்போதும் சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கிச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

வழியில் சூடு ஏறிவிட்டால்?

கூலன்ட் 105ஐத் தாண்டினால் காலை எடுத்து, ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்து மெதுவாக ஓட்டிக்கொண்டே போங்கள். காற்றோட்டம் நிற்கக்கூடாது. 112ஐத் தாண்டினால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளம், அதன் மேல் நிற்க வேண்டிவராதபடி முன்பே முடிவெடுங்கள். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூலன்ட் தீர்ந்து சென்சார் ஆவியில் நிற்கலாம், அந்த நொடியே நிறுத்துங்கள். மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் திறக்காதீர்கள். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ஒர்க்ஷாப் கிடையாது, 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் ஒரு மாற்று பெல்ட்டும் டிக்கியில் இருக்கட்டும்.

ஆர்டிஓ பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன்படி, கம்பெனி பதிவுசெய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாட்டியிருந்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் மறுக்கப்படலாம். கிட் வாங்கும் முன்பே பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அந்த வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டாமல் பந்தயத் தளத்துக்கு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் வழி.